மைக்ரோடிக் ஆர்பி5009: டவரில் ஓஎஸ்பிஎஃப் ஓட்டத் தகுமா?

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று டர்பனைச் சுற்றி வயர்லெஸ் இணையம் கொடுப்பவர்களிடம் டவருக்கு ஒரு மைக்ரோடிக் ரவுட்டர் இருப்பது சகஜம். மூன்று டவர் வரை ஸ்டாட்டிக் ரவுட் (கையால் எழுதும் பாதை) போட்டே ஓட்டிவிடலாம். நான்காவது சேர்ந்து வளையமாகிவிட்டால், ரவுட்டர்கள் தமக்குள் பேசிப் பாதையைத் தாமே கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் வேண்டும். அந்த வேலைக்கு ஆர்பி5009 நல்ல பெட்டி. ஆனால் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் பக்கத்து ரவுட்டரோடு பேசவே பேசாது.

வன்பொருளில் குறை சொல்ல அதிகமில்லை. நான்கு கோர் 1.4 கிகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் செயலி, 1 ஜிபி ரேம், ஏழு கிகாபிட் போர்ட், ஒரு 2.5 கிகாபிட் போர்ட், 10 கிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் ஒன்று. சில நூறு ரவுட் உள்ள ஓஎஸ்பிஎஃப் இதற்கு ஒரு பொருட்டே அல்ல. விசிறி கிடையாது, உலோகக் கூடே சூட்டை வாங்கிக்கொள்ளும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து டர்பன் ஜனவரி வெயிலில் தொங்கவிட வேண்டாம்.

நம் ஊருக்கு இதில் பிடித்தது மின்சார வாசல்கள். டிசி ஜாக், இரண்டு முனை டெர்மினல், ஈத்தர்1 போர்ட் வழியாக பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே வரும் மின்சாரம்) என மூன்று, எல்லாமே 24 முதல் 57 வோல்ட். அடாப்டரையும் பேட்டரியையும் ஒன்றாகக் கொடுத்தால் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தது ரவுட்டருக்கே தெரியாது. பேட்டரிக் கணக்கில் மட்டும் கவனம். இரண்டு ஈய-அமில பேட்டரியைத் தொடராகக் கட்டினால் இறங்கும்போது 24-க்குக் கீழே போய்விடும். பேட்டரியில் மிச்சம் இருக்கும்போதே பெட்டி அணைய வாய்ப்புண்டு. நான்கு கட்டினால் பூஸ்ட் சார்ஜில் 57.6 வரை ஏறும், அது வரம்புக்கு மேல். 16 செல் லித்தியம் பேக்கின் உச்சம் 58.4. சார்ஜரை 56-இல் நிறுத்துங்கள், அல்லது 15 செல் பேக் வாங்குங்கள். அதன் உச்சம் 54.75 தான்.

இனி ஓஎஸ்பிஎஃப். இந்தப் பெட்டி மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-உடன் வருகிறது, 6-க்கு இறக்க முடியாது. பழைய பதிப்பில் ‘நெட்வொர்க்’ பக்கத்தில் சப்நெட் எழுதிப் பழகிய கைக்கு இங்கே அந்தப் பக்கமே இல்லை. முதலில் தொழிற்சாலை செட்டிங்கைத் துடையுங்கள். அதில் ஈத்தர்1 வெளிப்பக்கம் என்று வைக்கப்பட்டிருக்கிறது. லேன் (உள்பக்க) பட்டியலில் இல்லாத போர்ட்டிலிருந்து வரும் எதையும் இன்புட் ஃபயர்வால் தள்ளிவிடும். ஓஎஸ்பிஎஃப் அண்டை ரவுட்டரைத் தேடி அனுப்பும் ‘ஹலோ’ செய்தியும் அதில் போய்விடும். எதிர் ரவுட்டரில் அண்டை (பக்கத்து ரவுட்டரின் பதிவு) ‘இனிட்’ என்ற தொடக்க நிலையிலேயே நிற்கும், உங்கள் பக்கம் ஒன்றுமே தெரியாது. ஃபயர்வாலை வைத்துக்கொள்ள விரும்பினால் இன்புட் சங்கிலியில், தள்ளும் விதிக்கு மேலே, ஐபி புரோட்டோகால் 89-ஐ (ஓஎஸ்பிஎஃப்-இன் எண்) அனுமதியுங்கள்.

காலியான பிரிட்ஜ் ஒன்றை லூப்பேக்காக (எந்தக் கேபிள் விழுந்தாலும் இறங்காத உள் இன்டர்ஃபேஸ்) உருவாக்கி 10.255.0.1/32 போன்ற முகவரி கொடுங்கள். ரவுட்டிங் மெனுவில் ஓஎஸ்பிஎஃப் பதிப்பு 2 இன்ஸ்டன்ஸ் ஒன்று, அதன் ரவுட்டர் ஐடி அதே முகவரி. ஏரியா 0.0.0.0. பிறகு இன்டர்ஃபேஸ் டெம்ப்ளேட்: டவர் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் போர்ட் பெயர், வகை பிடிபி (இரு முனை நேரடி இணைப்பு), காஸ்ட் (பாதையின் விலை, குறைந்ததே தேர்வாகும்), சாவி (அண்டையை உறுதிப்படுத்தும் ரகசியச் சொல்). லூப்பேக்குக்குத் தனியாக, பாசிவ் (ஹலோ அனுப்பாது) என்று குறித்து இன்னொன்று. போர்ட் பெயரையும் நெட்வொர்க்கையும் காலியாக விட்டால் டெம்ப்ளேட் எல்லா இன்டர்ஃபேஸையும் பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் வீட்டுக்கும் ஹலோ போகும்.

காஸ்டைக் கட்டாயம் கையால் எழுதுங்கள். ரவுட்டர்ஓஎஸ் 6-இல் எழுதாவிட்டால் 10, 7-இல் 1. இரண்டும் கலந்த வளையத்தில் போகிற பாதை ஒன்று, திரும்புகிற பாதை வேறு என்றாகி, இடையில் உள்ள ஃபயர்வால் பாக்கெட்டை ‘இன்வாலிட்’ என்று கொல்லும். பக்கத்து டவர் இன்னும் 6-இல் இருந்தால் சாவி எம்டி5 தான். ஷா வகை வேண்டுமானால் இரண்டு முனையும் 7 ஆக வேண்டும். அண்டை ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையில் மாட்டிக்கொண்டால் வேறெதையும் தோண்டாமல் முதலில் இருபுற எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஒப்பிடுங்கள்.

ரேடியோ இணைப்பில் இன்னொரு சிக்கல். மழையில் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ விழுந்தாலும் ரவுட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே உள்ள கேபிள் உயிரோடுதான் இருக்கும். போர்ட் இறங்காததால் ஓஎஸ்பிஎஃப் தன் 40 விநாடி டெட் நேரம் (ஹலோ வராமல் காத்திருக்கும் நேரம்) முடியும் வரை அதே குழிக்குள் டிராஃபிக்கைக் கொட்டும். காவடி நாளில் கோவில் நேரலை ஓடும்போது இது நடந்தால் அத்தனை அத்தைமாரும் போன் போடுவார்கள். 7-இன் தொடக்கப் பதிப்புகளில் இல்லாத பிஎஃப்டி (இணைப்பு செத்ததைச் சட்டென்று கண்டுபிடிக்கும் சோதனை) இப்போது இருக்கிறது, டெம்ப்ளேட்டில் இயக்குங்கள். 300 மில்லிவிநாடி, பெருக்கி 5 என்றால் ஒன்றரை விநாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் மாற்றுப் பாதைக்குத் தாவும். இதைவிட இறுக்கினால் ரேடியோவின் சின்னத் தடுமாற்றத்துக்கும் அண்டை விழுந்து எழும். பிஎஃப்டி பயன்படுத்தும் யூடிபி 3784 போர்ட்டுக்கும் ஃபயர்வாலில் வழி விட வேண்டும்.

பிபிபிஓஇ (பெயர், கடவுச்சொல் கொடுத்து லாகின் செய்யும்) வாடிக்கையாளர்கள் இருந்தால் ‘கனெக்டட்’ (நேரடியாக இணைந்த) ரவுட்டை மறுவிநியோகம் செய்யாதீர்கள். ஒவ்வொரு லாகினும் ஒரு /32 (ஒற்றை முகவரி ரவுட்). லோட் ஷெடிங் முடிந்து ஒரு பேட்டையே ஒரே நேரத்தில் திரும்பி வரும்போது வளையம் முழுக்க எல்எஸ்ஏ (ரவுட் மாற்ற அறிவிப்பு) வெள்ளம். முகவரித் தொகுப்பை ஒரே /24 (256 முகவரி) பிளாக்ஹோல் (வந்ததை விழுங்கிவிடும்) ரவுட்டாக எழுதி, ஸ்டாட்டிக்கை மட்டும் விநியோகியுங்கள். அதற்கு வடிகட்டி போட்டால், 7-இல் எந்த விதியிலும் பொருந்தாதது நிராகரிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். 6-இல் அது அப்படியே கடந்துபோகும். அதனால் பழைய வடிகட்டியைப் பார்த்து எழுதினால் பாதி ரவுட் காணாமல் போகும்.

சாதாரண மாடலில் பிஓஇ அவுட் இல்லை. ரேடியோக்களுக்குத் தனித்தனி இன்ஜெக்டர் வைத்து பெட்டியை நிரப்புவதற்குப் பதில், பெயரில் யூபிஆர் என்று வரும் மாடலை வாங்குவது டவருக்குப் புத்திசாலித்தனம். எட்டு ஈத்தர்நெட் போர்ட்டிலும் பிஓஇ வெளியே வரும். வாங்கும்போது ரேடியோ கேட்கும் வோல்டேஜைப் பார்த்து பவர் சப்ளையைத் தேர்ந்தெடுங்கள்.