வளைகாப்புப் பூ நகை: பன்னீர் பட்டதும் சாயம் வெளுத்த கதை

போன தை மாதம் மதுரையில் தங்கைக்கு ஏழாம் மாத வளைகாப்பு. நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, மாலை, ஒட்டியாணம் என்று ஒரு பூ நகை செட். அம்மாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு குட்டிப் பூங்கொத்து. எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமில் பார்த்துத்தான் ஆர்டர் செய்தேன். மல்லிகை மொட்டு, பிங்க் பட்டன் ரோஸ் என்று பேச்சு. மொத்தம் 5,000 ரூபாய், முன்பணம் 3,500. தையில் பனியால் வரத்து குறைந்து மல்லிகை விலை எகிறும் என்பதால் பேரம் பேசவில்லை.

எட்டு மணிக்கு வர வேண்டிய பெட்டி, நல்ல நேரம் முடியக் கால் மணி இருக்கும்போது வந்தது. திறந்ததுமே குப்பென்று சென்ட் வாடை. தங்கைக்குக் குமட்டிவிட்டது. மல்லிகைக்கு எதற்கு சென்ட்? விடிகாலையில் பறித்த மொட்டு சாயங்காலம்தான் விரியும். காலையில் கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். இது ஐஸில் கிடந்த பூ, தொட்ட இடமெல்லாம் பழுத்தது. மதுரையிலேயே மல்லிகையில் ஏமாந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரோஸும் ரோஸ் இல்லை, சாயத்தில் முக்கிய சம்பங்கி. மாலைகளில் அது சகஜம்தான், சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. ஆனால் வளைகாப்பில் பன்னீர் தெளிப்பார்கள் என்று பூ வியாபாரம் செய்கிறவருக்குத் தெரியாதா? நாலு சொட்டு பட்டதும் சாயம் இளகி, சந்தன நிறப் பட்டுப்புடவையில் கழுத்திலிருந்து மடிவரை ரோஸ் கோடு.

கையில் கட்டிய கொத்து இன்னும் மோசம். கம்பி முனையை மடக்கவில்லை, டேப்பும் சுற்றவில்லை. வளையல் போட வந்த சம்பந்தியம்மாவின் கையையே அது கீறிவிட்டது. பெரியத்தை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டு, மாட்டுத்தாவணியிலிருந்து தம்பி வாங்கி வந்த மல்லியை வாழைநாரில் தொடுத்துத் தலைநிறைய வைத்துவிட்டார். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் பூவின் பெயரைப் பேச்சோடு விடாமல் மெசேஜில் எழுதி வாங்குங்கள். சாயப்பூவா என்று நேராகக் கேளுங்கள். அன்று காலை கட்டும்போதே வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் ஈரக் கைக்குட்டையால் ஒரு பூவைத் துடைத்துப் பாருங்கள், கம்பி முனையை விரலால் தடவிப் பாருங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

புகைப்படத்தோடு புகார் அனுப்பினேன். பதில் வந்தது: "அக்கா, பாக்கி 1,500 எப்ப அனுப்புவீங்க?"