மூளை அலை காட்டும் தலைப்பட்டை: ஆறு வாரங்களுக்குப் பின்

நெற்றியில் இரண்டும் காதுகளுக்குப் பின்னால் இரண்டுமாக நான்கு மின்முனைகள் கொண்ட இந்த இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைத் தலையின் மேலிருந்தே பதியும் முறை) தலைப்பட்டையை நான் வாங்கியது தியானம் பழகுவதற்காக அல்ல. புறத்தூண்டல் எதுவும் இல்லாதபோதும் மூளை தானாக எழுப்பிக்கொண்டிருக்கும் அலைகள், அடுத்து நம் கண்ணில் படுவதை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை வீட்டிலேயே ஓரளவு காண முடியுமா என்று அறிய விரும்பினேன்.

முதல் சோதனையில் கருவி தேறிவிட்டது. கண்களை மூடிய சில விநாடிகளில் காதோர மின்முனைகளில் 10 ஹெர்ட்ஸை ஒட்டிய ஆல்ஃபா அலை எழுந்தது; கண்களைத் திறந்ததும் அடங்கியது. ஜெர்மானிய மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட மனித மூளை அலை இதுவே. நெற்றி மின்முனைகளிலோ கண் சிமிட்டல்களே மிகுதியாகப் பதிந்தன.

குறை, தலைப்பட்டையின் பதிவைக் காட்டும் செயலியில்தான் (ஆப்) இருக்கிறது. அது பதிவு முழுவதையும் சராசரியாக்கி ஓர் 'அமைதி மதிப்பெண்' தருகிறது. சராசரியில் கரைந்துபோவதே நான் தேடியது. 1996இல் அரியேலி, கிரின்வால்ட் முதலான ஆய்வாளர்கள் பூனையின் பார்வைப் புறணியை (காட்சியைக் கையாளும் மூளையின் மேலடுக்குப் பகுதி) மின்னழுத்தத்துக்கேற்ப ஒளி மாறும் சாயத்தைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஒரே காட்சிக்கு ஒவ்வொரு முறையும் வேறுபட்ட மறுமொழி கிடைத்தது. காட்சி தோன்றும் கணத்தில் புறணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த செயல்பாட்டோடு சராசரி மறுமொழியைக் கூட்டியே ஒவ்வொரு தனி மறுமொழியையும் அவர்களால் பெருமளவு முன்கணிக்க முடிந்தது. இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டதில்தான் செய்தி இருந்தது.

மனிதர்களிடத்திலும், மங்கலான ஒளி தோன்றுவதற்குச் சற்று முன் ஆல்ஃபா தணிந்திருந்தால் 'பார்த்தேன்' என்று சொல்வது கூடுகிறது. (ஒளி இல்லாதபோதும் அவ்வாறு சொல்வது கூடுவதால், பார்வை கூர்மையாகிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட முடியாது.) இதை என் கணினித் திரையில் செய்து பார்த்தேன். ஒளிக்கு முந்தைய ஆல்ஃபாவின் வலிமையைத் தோராயமாகக் கணிக்க முடிந்தது. ஆனால் அலை ஏறும்போது ஒளி விழுந்ததா, இறங்கும்போதா என்பதை அறிய வழியில்லை. ஆல்ஃபாவின் ஒரு சுற்று ஏறத்தாழ 100 மில்லிவிநாடிதான் நீடிக்கிறது, புளூடூத் தாமதமோ ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

இவ்வளவையும் செய்வதற்கு, சராசரியாக்கப்படாத மூலத் தரவு தேவை. அதைத் தரவிறக்கத் தனியாக ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும் என்பது பெட்டியில் எங்கும் அச்சிடப்படவில்லை. சந்தா கட்ட மனமில்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.