அம்பாசமுத்திரம் மரச் சொப்பு சாமான்: ரெண்டு வயசுப் பிள்ளைக்கு வாங்கலாமா?

மகளுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிட்டு, அம்பாசமுத்திரத்துல மரச் சொப்பு சாமான் ஒரு செட்டு வாங்குனோம். அடுப்பு, பானை, உரல், திருவை எல்லாம் இருக்கு, மரத்தக் கடைஞ்சு அரக்குல கலர் ஏத்துனது, வழவழன்னு இருக்கு, கையில சிலாம்பு குத்தல. பேட்டரி, பாட்டு ஒன்னும் கிடையாது, அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா பிள்ளையே வாயால சத்தம் போட்டுத் தோசை சுடுதா.

எங்க ஆச்சி காலத்துல பிள்ளைய முத்தத்துல விட்டுட்டு அவுங்க வேலையப் பாப்பாங்க, நாம என்னன்னா பக்கத்துலயே உக்காந்து இது ரெட்டு இது ப்ளூன்னு சொல்லிக்கிட்டே இருக்கோம், இல்லன்னா போனக் கையில கொடுத்துருதோம். ரெண்டு வயசுல ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லியிருக்கு. அம்மா "ஏட்டி, அது பாட்டுக்கு வெளையாடட்டும், சும்மா இரு"ன்னாங்க, விட்டுப் பாத்தேன், நல்லாவே வெளையாடுதா.

ஆனா குட்டிக் கரண்டி, உலக்கையெல்லாம் தொண்டையில மாட்டுற சைஸு, அந்தக் காலத்துல இதப் பெருசா பாக்க மாட்டாங்க, நீங்க மூணு வயசு வரைக்கும் எடுத்து வச்சிருங்க. தண்ணியில ஊற விடாதீங்க, துணியால துடைச்சாப் போதும்.