பயந்து எடுத்த சைஸும் கணக்குப் பார்த்து எடுத்த சைஸும்

எங்கள் பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸ், அமேசான் வாடகைக்கு விடும் ஆர்டிஎஸ் என்ற டேட்டாபேஸ் சேவையில் ஓடும் போஸ்ட்கிரெஸ். தொடங்கும்போது எம்6ஜி லார்ஜ் என்ற சர்வர் சைஸை எடுத்தோம்: 2 கோர், 8 ஜிபி மெமரி. ஏன் அந்த சைஸ் என்று யாராவது கேட்டிருந்தால் "எதற்கும் இருக்கட்டும்" என்பதைத் தவிர எங்களிடம் பதில் இருந்திருக்காது. ஒரு வருடம் கழித்து கிராஃபைத் திறந்து பார்த்தால், சிபியு 10 சதவீதத்தைத் தாண்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது டி4ஜி மீடியத்துக்கு வந்துவிட்டோம். அதே 2 கோர், 4 ஜிபி மெமரி, வாடகை பாதிக்கும் கீழே.

டி4ஜி போன்ற டி வகை எப்போதாவது மட்டும் முழு வேகம் தேவைப்படும் வேலைகளுக்கான மலிவு சர்வர். அது என்றாலே "புரொடக்‌ஷனுக்கா அது?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் பயப்படுவது கிரெடிட்டைப் பார்த்து, அதாவது முழு வேகத்தில் ஓட அமேசான் அளந்து தரும் அளவைப் பார்த்து. ஆனால் அது வரவு செலவுக் கணக்குதான். ஒரு கோர் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு கிரெடிட் செலவு. மீடியத்துக்கு மணிக்கு 24 வரவு. கோருக்கு 20 சதவீதம் ஓடினால் வரவும் செலவும் சரியாகப் போகும். அதற்குக் கீழே ஓடினால் மிச்சம் சேரும், அதிகபட்சம் 576 வரை. இரண்டு கோரும் முழு மூச்சில் ஓடினால் மணிக்கு 120 போய் 24 வரும். அப்படியும் நிறைந்த கையிருப்பு 6 மணி நேரம் தாங்கும்.

எங்களுக்கு நெருக்கடி மாதத்தில் இரண்டு நாள்தான். ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் 11ஆம் தேதி என்பதால், 10ஆம் தேதி மதியத்திலிருந்து எல்லாக் கடைக்காரர்களும் ஒரே ரிப்போர்ட்டைத் தட்டுவார்கள். மாறிய முதல் மாதம் 11ஆம் தேதி மாலை கையிருப்பு 90க்கு இறங்கியபோது எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் பார்த்தால் அந்த ரிப்போர்ட்டுக்காக டேட்டாபேஸைக் கேட்கும் க்வெரி, தேதிக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லாமல் மொத்த டேபிளையும் துழாவிக்கொண்டிருந்தது. பெரிய சர்வரில் இருந்தவரை அது கண்ணில் படவே இல்லை. இண்டெக்ஸ் போட்ட அடுத்த மாதம் கையிருப்பு 400க்குக் கீழே வரவில்லை.

சரி, தீர்ந்தே போனால்? பழைய டி2 என்றால் வேகம் படுத்துவிடும். டி3யும் டி4ஜியும் ஆர்டிஎஸ்ஸில் அப்படி இல்லை, வேகம் குறையாது. 24 மணி நேரச் சராசரி அந்த 20 சதவீதத்தைத் தாண்டினால் மிச்சத்துக்குத் தனியாக பில் வரும். அதனால் கிரெடிட் இருப்புக்கு ஒரு அலாரம் வைத்துவிடுங்கள்.

நாள் முழுக்க 40, 50 சதவீதத்தில் ஓடும் டேட்டாபேஸ் என்றால் நானே எம் வகையைத்தான் சொல்வேன். இரட்டிப்பு மெமரி, மாதாமாதம் மாறாத பில். மெமரி போதவில்லை என்பதை சிபியு கிராஃப் காட்டாது, டிஸ்க்கிலிருந்து படிக்கும் அளவைப் பாருங்கள். எங்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது கடைசி மூன்று மாத பில்கள்தான், அவை 4 ஜிபிக்குள் அடங்கிவிடுகின்றன.

தேவைக்கேற்பத் தானே அளவை மாற்றிக்கொள்ளும் அமேசானின் அரோரா சர்வர்லெஸ் டேட்டாபேஸை டெஸ்டிங்குக்கு மட்டும் இரண்டு மாதம் வைத்திருந்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். வேலை இல்லாதபோது பூஜ்யம் வரை இறங்கிவிடுவது அருமை. மறுபடி எழுந்திருக்க 15 விநாடி போல ஆகும். ஆனால் அதே 4 ஜிபியை நாள் முழுக்க ஓடவிட்டால், அமெரிக்க விலைப்படி மீடியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

சர்வர் சைஸைக் கூட்டலாம், குறைக்கலாம். சில நிமிடம் டேட்டாபேஸ் நிற்கும், அவ்வளவுதான். ஸ்டோரேஜ் அப்படி இல்லை. கூட்ட ஒரு கிளிக் போதும், குறைக்க அதே திரையில் வழியே கிடையாது. பயந்த காலத்தில் 500 ஜிபி போட்டோம், எங்கள் டேட்டா 38 ஜிபி. டம்ப் (மொத்த டேட்டாவின் நகல்) எடுத்துப் புது டேட்டாபேஸில் ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அந்த ஞாயிறு இன்னும் வரவில்லை, மாதாமாதம் 500க்கும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.