‘தமிழ்ப்படம்’ டிவிடி: இத்தனை வருஷம் பார்த்தபின்

போன வாரம் லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் கொடுத்து டிவிடி பிளேயருக்கு லென்ஸ் மாற்றினேன். 400 ரூபாய். இந்தக் காலத்தில் இதற்கெல்லாமா செலவு பண்ணுவார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். ‘தமிழ்ப்படம்’ டிவிடிக்காகப் பண்ணினேன். மறுநாளே ராணிப்பேட்டையிலிருந்து மச்சான் போன் பண்ணினான். “அந்த டிஸ்கு உங்கிட்ட கீதா? பையனுக்கு லீவு, பாக்கட்டும்.” அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2010-ல் வந்த படம், தமிழ் சினிமாவையே கிண்டலடிக்கும் படம், சி.எஸ். அமுதன் இயக்கம், சிவா ஹீரோ. கதையெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இந்தப் படம் ஒரே தடவையில் தீராது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். எம்.எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா மூவரும் ஹீரோவின் கூட்டாளிப் பசங்களாக வந்தபோது முதலில் அவர்கள் வயதைப் பார்த்துத்தான் சிரித்தேன். நகுல், பரத், சித்தார்த் என்ற பெயர்கள் ‘பாய்ஸ்’ படத்துப் பசங்களுடையவை என்று பொறி தட்டியது ரெண்டு வருஷம் கழித்து, காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது. பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

‘ஓ மகசீயா’ பாட்டு அதற்கும் மேல். பழைய பாட்டுகளில் அர்த்தமே இல்லாமல் வரும் சொற்களாகப் பொறுக்கிக் கோத்த டூயட், மெட்டு மட்டும் அவ்வளவு உருக்கம். ‘நாக்க மூக்க’வை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மீதி எந்தெந்தப் பாட்டு? 2012-ல் கரண்ட் கட்டில் வேலூர் வெந்துகொண்டிருந்த ராத்திரிகளில், மொட்டை மாடியில் பாய் விரித்து நானும் தம்பியும் இதையேதான் போட்டி போட்டு விளையாடினோம்.

ஒரே பாட்டில் ஹீரோ பணக்காரனாவதும் அப்படித்தான். 1992-ல் ‘அண்ணாமலை’யில் ரஜினி அப்படி உயர்ந்தபோது நைனா மடியில் உட்கார்ந்து புல்லரித்துப் பார்த்தவன் நான். அதையே இதில் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தப் புல்லரிப்பு இல்லையென்றால் இந்தச் சிரிப்பும் வந்திருக்காது. 2018-ல் வந்த இரண்டாம் பாகத்தை ஒரு தடவைக்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை.

இனி என்னை உறுத்துகிற விஷயம். படத்தின் ஆரம்பத்தில், சினிமாப்பட்டியில் ஆண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால். குழந்தையே கெஞ்சித் தப்பிக்கிறது, பாட்டியாக பரவை முனியம்மா. பெண் குழந்தைகளைக் கள்ளிப்பால் கொடுத்துக் கொல்வதைப் பற்றிய ‘கருத்தம்மா’ படத்தின் கிண்டல் இது. நான் ‘கருத்தம்மா’ பார்க்காமலே இதைப் பார்த்தவன். சில வருஷம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் டிவியில் ‘கருத்தம்மா’ ஓடியது. ஆயா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கள்ளிப்பால் பேச்சு வந்ததும் எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

ஆயா கே.வி. குப்பம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். காம்பைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்குடா சிரிக்கிற? எனுக்கு அப்புறம் எங்கம்மா ரெண்டு பொட்டப்புள்ள பெத்தா. அதுங்க எங்க கீதுன்னு கேளு.”

நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தாள். படம் முடியும்வரை ரெண்டு பேரும் பேசவில்லை.

அமுதன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆண் குழந்தைக்கு என்று திருப்பிப் போட்டதில் நல்ல மூளை இருக்கிறது. அசல் தெரிந்தவனுக்கு அது சுருக்கென்று குத்தும். அசல் தெரியாத எனக்கு வெறும் சிரிப்பாகப் போய்விட்டது. அதனால் ‘கருத்தம்மா’வை எப்படிப் பார்த்திருக்க வேண்டுமோ அப்படிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. லென்ஸ் மாற்றி வந்த அன்றும் அந்த ஆரம்பத்தை ஓட்டிவிட்டுத்தான் போட்டேன்.

தமிழில் இவ்வளவு சிரிக்க வைத்த படம் எனக்கு வேறு இல்லை. ஆனாலும் மச்சான், டிஸ்கைத் தர மாட்டேன். கோவிச்சுக்காதே. பையனை ஒரு வாரம் இங்கே அனுப்பு. முதலில் ‘அண்ணாமலை’ பார்க்கட்டும், அப்புறம் ‘கருத்தம்மா’. அதைப் பார்க்கும்போது ஆயாவையும் கூட உட்கார வைக்கிறேன்.