லெபோ பாசார் மாடியில் தையல் வகுப்பு: யாருக்குச் சரிவரும்?

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் தெருவில் உள்ள துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் நடக்கிறது இந்தத் தையல் வகுப்பு. பெயர்ப்பலகை கிடையாது. கீழே கடையில் கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள். நான் பட்டர்வொர்த்காரன், ஃபெரியில் வந்து இறங்கினால் நடந்தே போய்விடலாம். காரில் வருகிறவர்கள் சனிக்கிழமை காலையில் பார்க்கிங் தேடியே நொந்துபோவார்கள்.

பெரியம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பை தைத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். நாசி கண்டார் (குழம்பு ஊற்றிய சோறு) வாங்கப் போனாலும் மூன்றடுக்கு டிபன் கேரியரோடு போகிறவர் அவர். பினாங்குக் கடைகளில் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடைப்பது 2011-லேயே நின்றுவிட்டது. பெரியம்மா அதற்கும் முன்பிருந்தே இப்படித்தான். கடையில் விற்கிற துணிப்பைகளுக்கு அடி தட்டையாக இருப்பதில்லை. பஸ் ஒரு திருப்பம் திரும்பினால் கேரியர் சாய்ந்து குழம்பு வழியும்.

முதல் வகுப்பில் துணியே கிடையாது. பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கையில் கொடுத்து, நூல் கோக்காத மெஷினில் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்கிறார் தையல் கற்றுத்தரும் அக்கா. தாள் ஊசியை மழுக்கிவிடும் என்பதால் இதற்கென்றே பழைய ஊசிகள் வைத்திருக்கிறார். பார்க்க விளையாட்டுபோல் இருக்கும். ஆனால் பெடலை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் என்பது காலுக்குப் பிடிபடுவது இதில்தான். கோணத்தில் திரும்ப, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும் என்பதும் தாளிலேயே வந்துவிடுகிறது.

அப்புறம் நூல் கோப்பது. இந்த வகுப்புக்குக் கொடுத்த காசு எனக்கு இங்கேதான் செரித்தது. துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் கழற்றுவார்கள். “கீழ சிக்கினா மேல பாரு தம்பி” என்பார் அக்கா. மேல் நூல் இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவே போகிறது. பாதம் மேலே தூக்கியிருந்தால்தான் அந்தத் தட்டுகள் விலகி நூலை உள்ளே வாங்கும். பாதத்தை இறக்கிவைத்துக் கோத்தால் நூல் தட்டின் மேலேயே நின்றுவிடும், இறுக்கம் இருக்காது, மிச்சமெல்லாம் கீழே போய்க் குவியும். மெஷின் மூடியைத் திறந்து அந்தத் தட்டுகள் மூடித் திறப்பதைக் காட்டினார். என் மனைவி முன்பு ஒரு பேரங்காடியில் ஒருநாள் பயிற்சிக்குப் போய் அழகான பர்ஸ் ஒன்றோடு வந்தாள். துணி வெட்டி, நூல் கோத்துத் தயாராக வைத்திருந்தார்களாம். வீட்டு மெஷினில் பாபின் போட அவளுக்குத் தெரியவில்லை. பர்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

பைக்குக் கணக்கும் அக்காவே போடவைத்தார். கேரியரின் குறுக்களவு 14 செ.மீ., அதனால் அடி 15-க்கு 15. சுற்றி வந்தால் 60, ஒரு பக்கத்துக்கு 30, இரு ஓரத்திலும் தையலுக்கு ஒவ்வொரு செ.மீ. சேர்த்து 32 செ.மீ. அகலம். உயரத்தில் அடியின் பாதியைக் கூட்ட மறக்கக்கூடாது, 7.5 செ.மீ. அடிக்கே போய்விடும். பக்கங்களையும் அடியையும் தைத்த பிறகு, மூலையை இழுத்துப் பக்கத் தையலை அடித் தையலின் மேல் படியவைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதில் குறுக்கே 15 செ.மீ. நீளம் வருகிற இடத்தில் கோடு போட்டுத் தைத்து, முனையை வெட்டிவிட வேண்டும். திருப்பிப் போட்டால் பை தானாக நிற்கிறது! சின்ன வித்தைதான், ஆனாலும் பக்கத்து மெஷின் அம்மா எழுந்துவந்து பார்த்தார்.

வெளியே கட்டம்போட்ட கைலித் துணி, உள்ளே மழைக்கோட்டுத் துணி. உள்துணியில் குண்டூசி குத்தினால் ஓட்டை மறையாது என்பதால் கிளிப் மாட்டித்தான் தைக்க வேண்டும். கைலிக்கு 14-ஆம் நம்பர் ஊசி, கைப்பிடிப் பட்டை வைக்கும் இடத்துக்கு 16. அந்தத் தடிப்பில் பெடலை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுவது நல்லது. பட்டை முனையில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தைத்தால் பிய்ந்து வராது.

குறைகளும் உண்டு. மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் துணி, நூல், ஊசி எதுவும் சேராது. இதைச் சேரும்போதே சொல்லியிருக்கலாம். ஒரு மெஷினின் பெடல் தொட்டாலே பாய்கிறது, முதலில் வருகிறவர்கள் அதை விட்டுவிட்டு உட்காருவதால் தாமதமாக வருகிறவர் தலையில்தான் அது விழும். ரவிக்கை வெட்டப் படிக்கிறவர்கள் பாதிப் பேர். அளவு எடுக்கிற நாளில் அக்கா அவர்கள் பக்கமே நின்றுவிடுவார். படி செங்குத்து, முட்டிவலி உள்ளவர்களுக்கு ஆகாது. ஆண்கள் குறைவு என்று தயங்க வேண்டாம், யாரும் கண்டுகொள்வதில்லை.

அடுத்த வாரமே பரிசு கையில் வேண்டும் என்றால் இங்கே வராதீர்கள். ஒரு மாதம் கையில் இருந்தால் தாராளமாகச் சேரலாம். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் மட்டும் வேண்டாம். அக்காவுக்கு அப்போது தைக்கக் கொடுத்த ரவிக்கைகள் குவிந்துகிடக்கும், நல்ல மெஷின்களெல்லாம் அதற்கே போய்விடும்.