அக்குவினாஸின் வழியும் பாஸ்கலின் வழியும்

கத்தோலிக்கப் போதனையை ஏற்பதில் பகுத்தறிவு எதுவரை கூட வரும்? கடவுள் உண்டு என்பதுவரை வரும் என்றார் 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ். அதற்கு ஐந்து வழிகளையும் காட்டினார். 1870-இல் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான முதலாம் வத்திக்கான் சங்கமும், படைப்பைக் கொண்டு கடவுளை அறிவால் அறியலாம் என்றது. ஆனால் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் இருப்பவர் ஒரே கடவுள் (மூவொரு கடவுள்) என்ற மறைபொருளை நிரூபிக்கப் போனால் விசுவாசத்துக்குத்தான் இழுக்கு என்று எச்சரித்தவரும் அதே அக்குவினாஸ்தான்.

17-ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் பாஸ்கலோ கணித மேதை. 1654 நவம்பர் 23 இரவு தனக்குக் கிடைத்த அனுபவத்தை எழுதும்போது, தத்துவ ஞானிகளின் கடவுள் அல்ல, ஆபிரகாமின் கடவுள் என்று எழுதினார். அதாவது, வாதத்தால் எட்டும் கடவுள் அல்ல, அனுபவத்தில் சந்திக்கும் கடவுள். எழுதிய அந்தத் தாளைத் தன் மேலங்கிக்குள் தைத்து வைத்திருந்தார். இறந்த பிறகே மற்றவர்கள் கண்டெடுத்தார்கள்.

சரி, எது நமக்கு? என் மனம் அக்குவினாஸ் பக்கமே சாய்கிறது. ஞாயிறு மறைக்கல்வியில் காரணம் கேட்கும் பிள்ளையிடம் 'சும்மா நம்பு' என்று சொல்ல எனக்கு வாய் வராது.